மோந்து பார்க்கிற வேலை

வேலை என்றால் எது நல்ல வேலை? மாசம் பிறந்தால் சம்பளம் கைக்கு வரவேண்டும் என்பான் ஒருவன். வெயிலில் காயாமல் நிழலில் செய்ய வேண்டும் என்பான் இன்னொருவன். நெய்து முடித்த சேலையை மடித்து வைக்கும்போது மனசு நிறையவேண்டும், அதுதான் வேலை என்பான் ராசிபுரத்து நெசவாளி. எல்லாம் சரிதான். கரட்டுப்பாளையத்துச் செங்கோடனைக் கேட்டிருந்தால் அவன் வேறு ஒன்றைச் சொல்லியிருப்பான். ஆனால் அதை அவன் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் காறித் துப்புவார்கள் என்று அவனுக்கே தெரியும்.

திருச்செங்கோட்டிலிருந்து ஜேடர்பாளையம் போகிற தடத்தில், காவிரித் தண்ணீர் எட்டாத மேட்டில் கிடக்கிறது அந்த ஊர். நெல் விளையாது. பனை நிற்கும். பனை இருக்கிற இடத்தில் மரமேறிகள் இருப்பார்கள். செங்கோடனும் மரமேறிதான். கெட்டிக்கார மரமேறி என்று பேர் வாங்கினவன். கள் வடியும் மண்முட்டியை மூக்குக்கு நேரே கொண்டுவந்தாலே போதும், இது எந்த மரத்துக் கள், விடியுமுன் இறக்கியதா விடிந்தபின் இறக்கியதா என்று சொல்லிவிடுவான். வீட்டிலும் அதே பழக்கம். வட்டலில் சோறு விழுந்ததும் குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் கை வைப்பான். பெண்டாட்டி அத்தாயி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரு மாசி மாதத்துக் காலையில், ஏரிக்கரை ஓரத்து ஒற்றைப் பனையிலிருந்து விழுந்தான். எப்படி விழுந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. மரமேறுகிறவனுக்கு ஒரு நாள் அப்படி வரும். பக்கத்து மரத்தில் இருந்த அத்தாயியின் தம்பி பச்சமுத்து சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடிவந்தான். அக்கா புருசனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, எலும்பு கட்டுகிறவர் வீடு வரைக்கும் ஓட்டமாக ஓடினான். செங்கோடன் பிழைத்தான். ஆனால் வலது கால் இடது காலைவிடக் குட்டையாகக் கூடிக்கொண்டது. இனி மரம் கிடையாது.

அன்றிலிருந்து இரண்டு வீட்டு அடுப்பும் பச்சமுத்து ஒருத்தன் ஏறி இறங்குவதில்தான் எரிந்தது. அவன் அதற்காக ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. அதோடு நின்றானா? மாமன் எழுந்து நடந்தால், வருசா வருசம் அதே ஒற்றைப் பனையில் முதல் முட்டிக் கள்ளை முனியப்பனுக்கு ஊற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டான். மாமன் நடந்தான். நொண்டி நொண்டித்தான் நடந்தான் என்றாலும் முனியப்பன் அதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பவர் இல்லை. பச்சமுத்துவும் பார்க்கவில்லை.

சோறு போட்ட கையைக் கடிப்பது நாய்க் குணம் என்று ஏசுகிறோம். நாய் பாவம், அது கடிப்பதே இல்லை. மனுசன்தான் கடிப்பான். செங்கோடனுக்கு மைத்துனனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "மாமா, இன்னிக்கு வலி தேவலைங்களா?" என்று அவன் கேட்டால், கேட்கிற வாயில் மண்ணை அள்ளிப் போடலாமா என்றிருக்கும். தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது தோள் மேலே இருந்து தெரிந்த அந்த முகம், வேர்வை வடிய, "ஒண்ணுமில்லீங்க மாமா, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்த முகம், அவனுக்கு மறக்கவே இல்லை. அந்த முகத்தை அவனால் மன்னிக்க முடியவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். உதவி செய்தவனை மன்னிப்பது லேசான காரியமில்லை.

அப்படி இருக்கையில் சர்க்கார் சேலம் ஜில்லா முழுக்கக் கள்ளுக்கடையை மூடியது. ராஜதானியிலேயே முதலில் மூடியது நம் ஜில்லாவில்தான். கள் இறக்கினால் ஜெயில். ஆனால் தெளுவு இறக்கலாம், லைசென்சு வாங்கிக்கொண்டு. தெளுவுக்கும் கள்ளுக்கும் என்ன வித்தியாசம் என்றால், சுண்ணாம்பு. முட்டிக்கு உள்பக்கம் சுண்ணாம்பு பூசிப் பாளையில் கட்டினால் வடிவது தெளுவு, பதநீர் என்கிறார்களே அது. காய்ச்சினால் கருப்பட்டி. பூசாமல் கட்டினால் அதுவே பொழுது ஏறுவதற்குள் பொங்கிக் கள்ளாகிவிடும். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று, முட்டியும் ஒன்று. ஒரு விரல் சுண்ணாம்புதான் ஊருக்கும் ஜெயிலுக்கும் நடுவே இருந்தது.

வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கள் வாசம் பட்டாலே மூக்கில் துண்டை வைத்துக்கொள்வார். அவருக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டது. செங்கோடனிடம் இருந்தது. ஒரு காக்கிச் சட்டையும், பூண் போட்ட தடியும் கொடுத்து, சுற்று வட்டாரத்து மரங்களுக்கெல்லாம் போய் முட்டியை மோந்து பார்த்துச் சொல்லவேண்டியது என்று வேலையில் போட்டுக்கொண்டார்.

அத்தாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பிக்குப் பாரம் குறைந்தது என்று முனியப்பனுக்குத் தேங்காய் உடைத்தாள். பச்சமுத்துதான் தடிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தான்.

ஆரம்பத்தில் செங்கோடன் எல்லாரையும் போலத்தான் வேலை பார்த்தான். மரமேறி இறங்கி வருவான், முட்டியை நீட்டுவான், இவன் மோந்து பார்த்து 'சரி' என்பான். ஒரு நாள் காளியப்பனின் முறை வந்தது. காளியப்பன் கிழவர். செங்கோடனுக்கே முதன்முதலில், மரமேறக் காலைப் பிணைக்கும் தளைநார் மாட்டிவிட்டவர். அன்றைக்கு அவர் இறங்கத் தொடங்குமுன் செங்கோடன் கீழிருந்து, "இருங்க, முட்டிய மட்டும் கயித்துல இறக்குங்க" என்றான். கால் வலி, சீக்கிரம் முடித்துக்கொண்டு போகலாம் என்றுதான் சொன்னான், வேறு நினைப்பு இல்லை. முட்டி கயிற்றில் வந்தது. மூக்கருகே கொண்டுபோனான். மோந்தபடியே மேலே பார்த்தான்.

கிழவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சுண்ணாம்பு சரியாகத்தான் பூசியிருந்தார், அவருக்கும் தெரியும், இருந்தும் அந்த முகத்தில் ஒரு பயம் நின்றது. இவன் வாய் திறக்கும் வரைக்கும் அது போகாது. வருசக்கணக்காக "டேய் செங்கோடா" என்று கூப்பிட்ட மனிதர், "சரியா இருக்குதுங்களா சாமி?" என்று கேட்டார்.

செங்கோடன் உடனே பதில் சொல்லவில்லை. இன்னொரு தரம் மோந்தான். அப்புறம் விரலை விட்டு நக்கிப் பார்த்தான். அப்புறம் எங்கேயோ பார்த்தான். கிழவர் தளைநாரில் காலை மாற்றி ஊன்றினார். அப்புறம்தான், "சரி, இறங்கு" என்றான். 'இருங்க' என்று தொடங்கினவன் 'இறங்கு' என்று முடித்தான்.

வீட்டுக்கு நடந்து போகும்போது கால் வலிக்கவே இல்லை. அத்தனை வருசம் மரம் ஏறி, பேர் வாங்கி, கள் இறக்கியதில் கிடைக்காத ஒன்று அந்த நாழிகையில் கிடைத்துவிட்டது. அதுதான் நான் முதலில் சொன்ன சமாச்சாரம். முட்டியை மோந்ததற்கும் வாயைத் திறப்பதற்கும் நடுவில் உள்ள நேரம். அந்த நேரம் அவன் கையில் இருந்தது. வேண்டுமானால் நீட்டலாம், வேண்டுமானால் சுருக்கலாம்.

அதன்பின் அதுவே சட்டமாயிற்று. முட்டியைக் கயிற்றில் இறக்கவேண்டும். செங்கோடன் 'சரி' என்று சொல்லும்வரை மரமேறி இறங்கக்கூடாது. மட்டைக்குள் ஏறி உட்காரவும் கூடாது, அங்கே எதையாவது ஒளிப்பானாம். மட்டைக்குக் கீழே கழுத்தடியில், மரத்தைக் கட்டிக்கொண்டு, தளைநாரில் நிற்கவேண்டும். சொல்லுமுன் இறங்கினவன் ஓடப்பார்த்தான் என்று அர்த்தம், லைசென்சு போய்விடும். இதெல்லாம் சர்க்கார் எழுதின சட்டமா என்றால் இல்லை. செங்கோடன் எழுதினது. சர்க்கார் சட்டத்தை யார் படித்தார்கள்? காக்கிச் சட்டை சொன்னதுதான் சட்டம்.

"ஏனுங்க," என்று அத்தாயி ஒரு நாள் கேட்டாள், "காளியப்பன் பெரியவருக்கு அந்த வயசுல காலு நிக்குமுங்களா? எறங்கவுட்டுட்டு மோந்து பாத்தா ஆவாதுங்களா?"

"அது சட்டம்."

"மேல நிக்கறவுங்க பயந்துக்கறாங்களாமாங்க. உங்களப் பாத்தாலே வகுறு கலங்குதுன்னு சின்னாயி சொல்றா." சின்னாயி பச்சமுத்துவின் பெண்டாட்டி.

செங்கோடன் சோற்றை மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். அன்றைக்கு இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

பச்சமுத்துவின் மரங்களில் மட்டும் அவனுக்கு ருசி கிடைக்கவில்லை. அவன் மேலே நின்றுகொண்டு பயப்படாமல் கீழே பார்ப்பான். "மாமா, வெயில்ல நிக்காதீங்க, அந்த நெழலுக்குப் போய் நின்னு மோந்து பாருங்க" என்பான். எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தாலும் அதே முகம். தூக்கிக்கொண்டு ஓடியபோது பார்த்த முகம். செங்கோடன் எரிச்சலோடு "சரி" என்று சொல்லிவிட்டுப் போவான். முதல் வருசம் ஒற்றைப் பனையில் முனியப்பன் முட்டி கட்டினபோது, அந்தப் பக்கம் போகாமல் இருந்துகொண்டான். மைத்துனனுக்காக இல்லை. முனியப்பனுக்குப் பயந்து.

இரண்டாம் வருசத்துப் பருவம் வந்தது. பயம் நன்றாக வேலை செய்திருந்தது. ஒருத்தன் தப்பாமல் முட்டிக்குச் சுண்ணாம்பை அப்பினான். தெளுவு கசந்தது, கருப்பட்டி வெளுத்தது, அப்படியும் அப்பினான். செங்கோடன் சுற்றில் ஒரு கேஸ் கிடையாது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் சுத்துல எல்லாரும் யோக்கியனாயிட்டாங்கப்பா. நல்ல வேலை பண்ணினே," என்றார். செங்கோடன் குளிர்ந்துபோய் நின்றான். அவர் தொடர்ந்து சொன்னார்: "அதனாலே இந்தப் பக்கத்துக்கு ஆள் வேண்டாம்னு மேலே எழுதப்போறேன். கேஸே இல்லாத இடத்துக்கு எதுக்கு மூக்கு? இந்த மாசத்தோட சட்டையை ஒப்படைச்சுடு."

செங்கோடனுக்குப் பூமி நழுவியது. மரத்திலிருந்து விழுந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. மறுபடியும் கட்டிலா? மறுபடியும் பச்சமுத்து கொண்டுவந்து போடுகிற கம்பஞ்சோறா? "இன்னிக்கு வலி தேவலைங்களா மாமா?" என்ற கேள்வியா? மேலே நிற்கிறவர்களை அண்ணாந்து பார்த்து, யாரும் தன்னைக் குனிந்து பார்க்காமல், நொண்டிக்கொண்டு தெருவில் போவதா? சம்பளம் போவது அவனுக்கு உறைக்கவே இல்லை. கையில் இருந்த அந்த நேரம் போகப்போகிறது. அதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் பச்சமுத்து நின்றான்.

"மாமா, நாளைக்கி ஒத்தப்பனையில முனியப்பனுக்கு முட்டி கட்டறேன். நாளான்னைக்கிக் காத்தால எறக்கி ஊத்தோணும். ஒண்ணே ஒண்ணுதானுங்க. உங்க வேலைக்கு இடைஞ்சல்னா சொல்லுங்க. இந்த வருசம் தெளுவையே ஊத்திக்கறேன். முனியப்பன் கோவிச்சுக்க மாட்டாரு."

பாருங்கள், அவனே வழி விட்டான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செங்கோடன் கொஞ்ச நேரம் தடியின் பூணைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சாமி காரியத்துல குத்தம் வைக்கக் கூடாது மாப்பிளே," என்றான். "நேந்துக்கிட்டபடி கட்டு. நான் அந்தப் பக்கம் வல்லே."

பச்சமுத்து சிரித்துக்கொண்டே போனான். ஏற்றிவிட்டு ஏணியை எடுப்பது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மறுநாளே செங்கோடன் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லியனுப்பினான். நாளைக் காலையில் வந்தால் ஒற்றைப் பனையடியில் கையும் களவுமாகப் பிடித்துத் தருகிறேன் என்று.

சொன்ன காலையில் பச்சமுத்து மரத்தின் கழுத்தடிக்குப் போய்ப் பாளையில் முட்டியை அவிழ்க்கும்போது, கீழே தடி தட்டும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தான்.

"மாமா, நீங்களுங்களா? பூசைக்கு வந்துட்டீங்களா?"

"முட்டிய எறக்கு."

"இது முனியப்பன் முட்டிங்க மாமா."

"தெரியும். எறக்கு."

பச்சமுத்து ஒரு கணம் யோசித்தான். அப்புறம் கயிற்றைக் கட்டி இறக்கினான். மாமன் கேட்கிறார், கொடுக்காமல் என்ன செய்வான்? முட்டி ஆடி ஆடி வந்தது. மோந்து பார்க்கவே தேவையில்லை, நுரை விளிம்பில் நின்றது. ஆனாலும் செங்கோடன் மூக்கருகே கொண்டுபோனான். மெதுவாக மோந்தான். அண்ணாந்து பார்த்தான்.

முதலில் அங்கே பழைய முகம்தான் இருந்தது. பிறகு புரியாத முகம். பிறகு விளையாடுகிறார் போலிருக்கிறது என்று சிரிக்கப் பார்த்த முகம். செங்கோடன் முட்டியைக் கீழே வைத்து, தடியை ஊன்றி, தடத்தைத் திரும்பிப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் வண்டி வருகிறதா என்று பார்க்கிறான். மேலே நின்றவனுக்கு அப்போது விளங்கியது. அந்த முகம் மாறியது. செங்கோடன் அதைப் பார்த்தான். எத்தனை வருசமாக அவன் அதற்குக் காத்திருந்தான் என்பது அதைப் பார்த்தபோதுதான் அவனுக்கே தெரிந்தது.

வண்டி வரவில்லை. வழியில் அச்சு முறிந்து இன்ஸ்பெக்டர் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அது இங்கே யாருக்குத் தெரியும்? வெயில் ஏறியது.

"மாமா, எறங்கட்டுங்களா? காலு மரத்துப்போச்சுங்க."

"எறங்கினா ஓடப் பாத்தேன்னு எழுதுவாங்க. அவசரம் என்ன? இரு மாப்பிளே."

"ஓட மாட்டனுங்க. கீழ வந்து நின்னுக்கறேன். வண்டி வந்தா ஜெயிலுக்கே வாரேன்."

"இரு மாப்பிளே."

பச்சமுத்து இருந்தான். அவனுக்கு வாய்த்த புத்தி அது. இறங்கி வந்து இரண்டு அறை கொடுத்துவிட்டுப் போயிருந்தால் செங்கோடன் என்ன செய்திருப்பான்? ஆனால் பச்சமுத்துவுக்கு லைசென்சு இருந்தது. அது போய், நாளைக்கு மாமன் வேலையும் போனால் இரண்டு வீட்டுக்கும் கஞ்சி இல்லை. அதில் ஒரு வீடு, கீழே நிற்கிறவனுடையது.

அத்தாயி பூசைத் தட்டோடு வந்தாள். தேங்காய், பழம், ஊதுபத்தி. புருசனுக்காகத் தம்பி செய்கிற பூசை, அவள் வராமல் யார் வருவது? தூரத்திலிருந்தே மரத்தின் மேல் தம்பி நிற்பதையும் கீழே புருசன் நிற்பதையும் பார்த்தாள். கிட்டே வந்து முட்டியைப் பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்தாள்.

"அவன எறங்கச் சொல்லுங்க."

செங்கோடன் தடத்தையே பார்த்தான்.

"அது உங்களுக்கு நேந்துக்கிட்டதுங்க. உங்க காலுக்கு. அவன எறங்கச் சொல்லுங்க. வேணும்னா நான் கட்டுன முட்டின்னு எழுதிக்கங்க. நான் போறனுங்க ஜெயிலுக்கு."

"சட்டம் அத்தாயி."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருக்கும், பயம் இருக்கும், வேலை போகிற கவலை இருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தாள். அது எதுவும் அங்கே இல்லை. பசியோடு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவனின் முகம் இருந்தது. அவள் இத்தனை வருசம் ஆக்கிப்போட்டும் அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவைப் பார்த்ததில்லை.

மேலே பச்சமுத்து "அக்கா" என்றான். கும்பிடுவதற்காகக் கையை எடுத்தானா, கை தானாகவே விட்டுவிட்டதா, யாருக்கும் தெரியாது. விழுகிறபோது அவன் கத்தவில்லை. பூசைத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தான். தூக்கிக்கொண்டு ஓட அங்கே இன்னொரு பச்சமுத்து இல்லை. இருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது. கழுத்து முறிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு முட்டியைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார். கள் இறக்கினவன் பிடிபட்டதும் தப்பி ஓடப் பார்த்து விழுந்தான் என்று எழுதிக்கொண்டார். "சொந்த மச்சான்னு கூடப் பாக்கலையே, இப்படி ஆள்தான் சர்க்காருக்கு வேணும்," என்று செங்கோடன் தோளைத் தட்டினார். வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த சுற்றும் அவனுக்கே என்று உத்தரவு வந்தது.

அத்தாயி தம்பி வீட்டில் கருமாதி வரைக்கும் இருந்தாள். அங்கேயே தங்கிவிடுவாள் என்று ஊர் நினைத்தது. செங்கோடனும் நினைத்தான். கருமாதி முடிந்த மறுநாள் அவள் துணிமூட்டையோடு திரும்பி வந்தாள். வாசல் தெளித்தாள், அடுப்பு மூட்டினாள், கம்பைக் குத்தி உலை வைத்தாள். அழவும் இல்லை, ஏசவும் இல்லை. செங்கோடனுக்கு நிம்மதியாக இருந்தது. பொம்பளை எங்கே போவாள் என்று நினைத்துக்கொண்டு வட்டலின் முன்னால் உட்கார்ந்தான். நல்ல பசி. நேரே சோற்றில் கை வைத்தான்.

"மோந்து பாக்காமயே சாப்புடறீங்களே," என்றாள் அத்தாயி.

நிமிர்ந்தான். அவள் முகவாயால் வாசலைக் காட்டினாள். வெயிலில் முறம் வைத்திருந்தது. முறத்தில் அரளிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"அது எதுக்கு?"

"ஆவுமுங்க. ஒரு நாளைக்கு."

"எந்த நாளைக்கு?"

"அத நானே சொல்லிட்டா உங்களுக்கு என்ன வேலை இருக்குதுங்க? மோந்து பாத்துக் கண்டுபுடிங்க."

வட்டலைத் தூக்கி எறிந்தான். அவளை அடித்தான். வாங்கிக்கொண்டாள். முறத்தை எடுத்துப்போய்க் குப்பைமேட்டில் கொட்டினான். மறுநாள் முறம் அதே இடத்தில் இருந்தது, கொட்டை முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அரளிக்கு என்ன பஞ்சம்? வேலிக்கு வேலி பூத்துக் கிடக்கிறது.

வெளியே சாப்பிடலாம் என்று பார்த்தான். கரட்டுப்பாளையத்தில் அவனுக்குச் சோறு போட ஒரு வீடு இல்லை. காளியப்பன் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டான். கிழவர் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். தானே ஆக்கலாம் என்றால் கம்பும் உப்பும் அவள் கையில், தண்ணீரும் அவள் மொண்டு வைத்தது. இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னான். அவர் சிரித்தார். "பெண்டாட்டி சமையல் பிடிக்கலைன்னு சர்க்கார்கிட்ட வந்த முதல் ஆள் நீதான்," என்றார்.

"நீ மொதல்ல தின்னு," என்று அத்தாயியிடம் வட்டலைத் தள்ளினான்.

"புருசன் சாப்புடாம பொண்டாட்டி கை வைக்கற வழக்கம் நம்மூட்டுல இல்லீங்களே," என்றாள் அவள், வட்டலைத் திரும்ப அவன் பக்கம் நகர்த்தி.

மூன்று பொழுது பட்டினி கிடந்தான். அப்புறம் மோந்து பார்த்துச் சாப்பிட்டான். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பொழுதும் மோந்து பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. கள்ளுக்கு வாசம் தெரியும், தெளுவுக்குத் தெரியும், புளித்த சோற்றுக்குத் தெரியும். அரளிக்கு என்ன வாசம் என்று அவனுக்குத் தெரியாது. இதுவரை அந்த மூக்குக்கு அது தேவைப்பட்டதில்லை.

இப்போதும் காலையில் தடியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகிறான். முட்டி கயிற்றில் வருகிறது. மேலே முகங்கள் இருக்கின்றன, முன்னைவிடப் பயந்த முகங்கள். அவனுக்கு அண்ணாந்து பார்க்கத் தோன்றுவதில்லை. முட்டியை மோந்தால் காலையில் தின்ற சோறு நினைவுக்கு வருகிறது. வயிற்றில் லேசாக ஏதாவது புரண்டால் அப்படியே நின்றுவிடுகிறான். "சரி, சரி, எறங்கு" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு போகிறான். கால் மறுபடியும் வலிக்கத் தொடங்கிவிட்டது.

சாயங்காலம் வட்டல் வருகிறது. அத்தாயி கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். கையில் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்வதில்லை. அவன் வட்டலைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோவதைப் பார்க்கிறாள். இமைக்காமல் பார்க்கிறாள். அவள் உடம்பு தேறியிருக்கிறது, கன்னத்தில் பளபளப்பு வந்திருக்கிறது என்று சின்னாயிகூடச் சொன்னாள்.

"ஏன் அப்படிப் பாக்கற?" என்று அவன் ஒரு நாள் கேட்டேவிட்டான்.

"அன்னிக்கு மரத்தடியில நின்னு நீங்க பாத்தீங்களே, அப்படித்தானுங்க பாக்கறேன். எப்படி இருக்குதுன்னு இப்பத்தான் தெரியுது."

அவன் சோற்றை மோந்தான். கம்பு மணத்தது. நேற்றும் அப்படித்தான் மணத்தது. இன்னொரு தரம் மோந்தான். சோற்றில் கை வைக்கப் போனான்.

"அவசரம் என்னங்க?" என்றாள் அத்தாயி. "மெதுவாப் பாருங்க."